கையடக்க ஜி.பி.எஸ். கருவியுடன் வழி கண்டு நடத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கையடக்க ஜி.பி.எஸ். கருவியைப் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதை முதலில் இயக்கிப் பார்க்கும் இடம் வீட்டுக்கூடம்தான். கூரைக்கு அடியில் அது செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழுதான கருவி வந்துவிட்டது என்று எண்ணிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுகிறவர்களும் உண்டு. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது எதைக் கேட்டு இயங்குகிறது, எது அதற்குத் தெரியும், எது தெரியாது என்பது புரிந்துவிட்டால், பொத்தான்களைப் பழகுவது ஒரு மாலை நேர வேலைதான். ஆகவே இக்கட்டுரை கருவிக்குத் தெரிந்தது என்ன என்பதில் தொடங்கி, வீட்டில் செய்ய வேண்டிய அமைப்புகள், திறந்தவெளியில் செய்ய வேண்டிய பயிற்சி, அதன்பின் உண்மையான பயணம் என்ற வரிசையில் செல்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் மெனுவில் உள்ள பெயர்கள் மாறலாம். செய்ய வேண்டிய வேலை மாறுவதில்லை.

கருவிக்குத் தெரிந்தது என்ன?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. தான் எங்கே இருக்கிறேன், இப்போது நேரம் என்ன என்ற இரண்டையும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளிலிருந்து அந்த அலை நம் கையிலுள்ள கருவியை வந்தடைய ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. கருவி அந்தத் தாமதத்தை அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கி, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. கையடக்கக் கருவியின் கடிகாரம் அணுக் கடிகாரம் அல்ல. அது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். அந்தப் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால்தான், இடமும் உயரமும் சரியாகக் கிடைப்பதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. இன்றைய கருவிகள் பலவும் அமெரிக்காவின் ஜி.பி.எஸ்ஸுடன் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. ஒரே நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் திரையில் தெரிவது இதனால்தான்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, கருவி வானத்தைப் பார்த்தாக வேண்டும். அலை மிகவும் மெலிந்துதான் தரைக்கு வருகிறது. கூரையும் பாறையும் மனித உடலும்கூட அதைத் தடுக்கும். இரண்டாவது, கருவி கேட்கிறதே தவிர, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. கையில் ஜி.பி.எஸ். இருப்பதால் நாம் இருக்கும் இடம் யாருக்கோ தெரிந்துகொண்டிருக்கும் என்று நம்பிக் காட்டுக்குள் செல்கிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். இந்த நம்பிக்கை ஆபத்தானது. செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் வசதி சில கருவிகளில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது வேறு வசதி, அதற்குத் தனிச் சந்தாவும் தேவைப்படலாம். சாதாரண ஜி.பி.எஸ். கருவி உதவிக்கு யாரையும் அழைக்காது.

இன்னொன்றும் உண்டு. கருவி உண்மையில் அளந்து அறிவது, தான் இந்த நொடியில் நிற்கும் இடத்தை மட்டுமே. திரையில் தெரியும் நிலவரைபடம் யாரோ எப்போதோ வரைந்து உள்ளே சேமித்த படம். சென்ற மழையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டதும், பாதையின் மேல் மண் சரிந்ததும் அதற்குத் தெரியாது. இருக்கும் இடத்தைக் கருவியிடம் கேட்கலாம். எந்தப் பக்கம் கால் வைப்பது என்பதை முன்னால் இருக்கும் நிலத்தைப் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பின்வரும் படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டவை.

வீட்டிலேயே முடிக்க வேண்டிய அமைப்புகள்

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். ஏ.ஏ. அளவு பேட்டரி போடும் கருவியானால், அமைப்புப் பகுதியில் பேட்டரியின் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் 1.5 வோல்ட், மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் பேட்டரியின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். வகையைச் சொல்லாவிட்டால் மீதமுள்ள மின்சாரத்தைக் கருவி தவறாகக் காட்டும். நேர மண்டலம், கிலோமீட்டரா மைலா என்ற அலகு ஆகியவற்றையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். சாலைக்கான வசதிகள் கொண்ட கருவியில், நாம் நிற்கும் இடத்தை அருகிலுள்ள சாலையின் மேல் இழுத்து ஒட்டிக் காட்டும் அமைப்பு ஒன்று இருக்கும். நடைப்பயணத்துக்கு அதை அணைத்துவிட வேண்டும்.

அடுத்தது ஆள்கூறுகள், அதாவது ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். ஒரே இடத்தின் அட்சரேகையை மூன்று விதமாக எழுதலாம்: டிகிரியைத் தசமத்தில் எழுதுவது, டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதுவது, டிகிரி, நிமிடம், வினாடி எனப் பிரித்து எழுதுவது. 11 டிகிரி 24 நிமிடம் என்பதும் 11.4 டிகிரி என்பதும் ஒன்றே, ஏனெனில் ஒரு டிகிரிக்கு 60 நிமிடங்கள். 24 நிமிடம் என்பது 0.4 டிகிரி. நண்பர் ஒருவர் தொலைபேசியில் “பதினொன்று, இருபத்து நான்கு” என்று சொல்ல, தசம அமைப்பில் இருக்கும் கருவியில் நீங்கள் 11.24 என்று இட்டுவிட்டால், பிழை 0.16 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், கருவி உங்களைக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தள்ளி எங்கோ அழைத்துச் செல்லும். எண் ஏற்கப்பட்டிருக்கும், அம்புக்குறி தயங்காமல் திசை காட்டும். தவறு நடந்ததற்கான அறிகுறி எதுவும் திரையில் இருக்காது. எனவே குழுவில் உள்ள அனைவரும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். எண்களை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் டிகிரி, நிமிடம், புள்ளி என்ற சொற்களை விடாமல் உச்சரியுங்கள். இட்ட பிறகு அந்தப் புள்ளி வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

காகித வரைபடத்துடன் சேர்த்துப் பயன்படுத்துவதற்கு யு.டி.எம். என்ற அமைப்பு எளிது. அது உலகை 6 டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து, கிழக்காக எவ்வளவு, வடக்காக எவ்வளவு என்று மீட்டரில் சொல்கிறது. வரைபடத்தின் கட்டங்களில் அளவுகோலை வைத்து நேராகப் படித்துவிடலாம். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் டேட்டத்தையும் கவனிக்க வேண்டும். டேட்டம் என்பது பூமியின் உருவத்தையும் அளவு தொடங்கும் இடத்தையும் பற்றிய ஒரு உடன்பாடு. ஜி.பி.எஸ். இயல்பாகப் பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய வரைபடங்கள் வேறு டேட்டத்தில் அச்சானவையாக இருக்கலாம். அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் புள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்துவிடக்கூடும். வரைபடத்தில் உள்ள டேட்டத்தைக் கருவியிலும் தேர்ந்தெடுத்தால் சிக்கல் தீர்ந்தது. அந்தப் பயணம் முடிந்ததும் மறவாமல் டபிள்யூ.ஜி.எஸ். 84க்குத் திருப்பிவிடுங்கள்.

வடக்கிலும் இரண்டு உண்டு. காந்த ஊசி காட்டும் வடக்கு ஒன்று, பூமியின் அச்சு காட்டும் உண்மை வடக்கு மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலான கோணம் இடத்துக்கு இடம் மாறும்; சில பகுதிகளில் அது ஒன்றிரண்டு டிகிரிதான், வேறு சில பகுதிகளில் பத்து டிகிரிக்கும் மேல். பத்து டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் ஏறத்தாழ 175 மீட்டர் விலகிவிடுவோம். கருவி சொல்லும் திசையைக் கைக் காம்பஸில் வைத்து நடக்கப்போகிறீர்கள் என்றால் கருவியைக் காந்த வடக்குக்கு மாற்றுங்கள். வரைபடத்தில் கோணமானியால் அளக்கப்போகிறீர்கள் என்றால் உண்மை வடக்கு போதும். எதை வைத்திருக்கிறோம் என்பது நினைவில் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, செல்லும் பகுதியின் வரைபடத்தை உள்ளே ஏற்றுங்கள். கருவியுடன் வரும் அடிப்படை வரைபடத்தில் பெரிய சாலைகளும் ஊர்களும் மட்டுமே இருக்கும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளும் ஓடைகளும் ஒற்றையடிப் பாதைகளும் உள்ள வரைபடம்தான் நடப்பவருக்குப் பயன்படும். கார்மின் போன்ற நிறுவனங்களின் கருவிகளில் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவிலிருந்து உருவாக்கிய வரைபடங்களை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு, திரையைப் பெரிதாக்கிப் பார்த்து அந்தப் பகுதி முழுவதும் வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பாதி வரைபடத்துடன் கிளம்பியவர் அதை அறிவது வெற்றுத் திரையின் நடுவே நிற்கும்போதுதான்.

முதல் முறை வானத்தின் கீழ்

கருவியை எடுத்துக்கொண்டு மைதானம் போன்ற ஒரு திறந்தவெளிக்குச் செல்லுங்கள். இயக்கிவிட்டு, நடக்காமல், அசையாமல் நில்லுங்கள். புதிய கருவியோ, பல மாதம் அணைந்து கிடந்த கருவியோ, அணைத்தபின் நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட கருவியோ முதல் இருப்பிடத்தைக் கண்டறியப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான அட்டவணையையும் ஒலிபரப்பிலிருந்து முழுமையாகக் கேட்டு முடிக்கவே 12.5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பச் சொல்கிறது. அதைக் கேட்கும் நேரத்தில் மரத்தடியில் நடந்துகொண்டிருந்தால் அலை அறுபட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாகிவிடும். ஆகவே நின்று கேட்க விடுவதே விரைவான வழி. அடுத்த முறை சில வினாடிகளில் கிடைத்துவிடும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். தலைப்பகுதியில் தடித்த குமிழ்போல் ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தட்டையான ஆண்டெனா உள்ளே பொதிந்திருக்கும் கருவியின் முகம் வானத்தைப் பார்க்கும்படி கிடையாகப் பிடிக்க வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டு நடப்பதானால் மேல் பையில், அல்லது தோள்பட்டை வாரில் மாட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் தொங்கவிட்டால் பாதி வானத்தை உடல் மறைத்துவிடும்.

செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வட்டத்துக்குள் எண்கள் சிதறிக் கிடக்கும். வெளிவட்டம் தொடுவானம், நடுப்புள்ளி தலைக்கு நேர் மேல். எண்கள் எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் இருப்பிடம் நன்றாக அமையும். ஒரே பக்கம் குவிந்திருந்தால், எண்ணிக்கை அதிகமாக இருந்தாலும் துல்லியம் குறையும். அருகில் “துல்லியம் 5 மீ.” என்பது போன்ற ஓர் அளவு இருக்கும். அது கருவியின் மதிப்பீடுதான். நீங்கள் அந்த 5 மீட்டர் வட்டத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் பொருள். கட்டாயம் இருப்பீர்கள் என்பதல்ல. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது; அப்போது 100 மீட்டர் வரை பிசகும். இப்போது திறந்த வானத்தின் கீழ் ஐந்து மீட்டர் அளவுக்குக் கிடைப்பது நடப்பவருக்குத் தாராளமாகப் போதும்.

அதே இடத்தில் காம்பஸையும் அளவு திருத்திவிடுங்கள். பல கருவிகளில் மின்னணுக் காம்பஸ் உண்டு. அளவு திருத்தும் பக்கத்தில் சொல்கிறபடி கருவியை மெதுவாகச் சுழற்றினால் போதும். பேட்டரி மாற்றிய பிறகும், நெடுந்தூரம் பயணம் செய்த பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். வாகனத்தின் அருகிலோ, காந்தம் பொருத்திய உறைக்குள்ளோ வைத்துச் செய்யக் கூடாது. மின்னணுக் காம்பஸ் இல்லாத கருவிக்கு, நிற்கும்போது நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே தெரியாது. இப்போது இருக்கும் இடத்தையும் சற்று முன்பு இருந்த இடத்தையும் ஒப்பிட்டுத்தான் அது திசையை அறிகிறது. எனவே அத்தகைய கருவியில் அம்புக்குறி ஏறுக்குமாறாகச் சுற்றினால் பதறாமல் இருபது அடி நேராக நடங்கள். அம்பு நிலைக்கு வரும்.

உயரத்தைப் பொறுத்தவரை, செயற்கைக்கோள் வழியே கிடைக்கும் உயரம் கிடைமட்ட இருப்பிடத்தைவிடத் துல்லியம் குறைந்தது. காற்றழுத்த உயரமானி உள்ள கருவி சிறிய ஏற்ற இறக்கங்களையும் நன்றாகக் காட்டும். ஆனால் வானிலை மாறினால் அழுத்தமும் மாறும். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஏறத்தாழ 8 மீட்டர் உயர மாற்றமாகத் தெரியும். உயரம் எழுதப்பட்ட பலகையோ வரைபடத்தில் உயரம் குறிக்கப்பட்ட உச்சியோ வரும்போதெல்லாம் கருவியில் அந்த எண்ணை இட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இரவு கூடாரத்தில் நகராமல் இருந்தும் உயரம் ஏறிக்கொண்டே போயிருந்தால் காற்றழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். வானிலை கெடப்போவதற்கான முன்னறிவிப்பாக அதைக் கொள்ளலாம்.

ஒரு மரத்தைக் குறித்துவிட்டுத் திரும்பி வருதல்

இப்போது மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு மரத்தடியில் நின்று, குறிக்கும் பொத்தானை அழுத்துங்கள். சேமிக்கப்படும் புள்ளிக்கு வேபாயிண்ட் என்று பெயர். கருவி தானாக 001 என்று பெயரிடும். அதை அப்படியே விடாமல் “மரம்” என்று மாற்றுங்கள். ஒரு நாள் பயணத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் சேர்ந்துவிட்டால், 007 என்பது நீர் எடுத்த இடமா, பாதை பிரிந்த இடமா என்று மாலையில் நினைவு வராது. ஒரு புள்ளியை மிகத் துல்லியமாகக் குறிக்க வேண்டுமென்றால், சில நிமிடம் நின்று பல அளவுகளின் சராசரியை எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். கூடாரத்துக்கும் வாகனத்துக்கும் அது தேவைப்படாது.

பிறகு மரம் கண்ணுக்குத் தெரியாத இடம் வரை, ஏறத்தாழ 300 மீட்டர், வளைந்து வளைந்து நடங்கள். அங்கே நின்று, வேபாயிண்ட் பட்டியலில் “மரம்” என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே செல்லும்படி கட்டளையிடுங்கள். திரையில் அம்பு தோன்றும், தொலைவும் தெரியும். நடக்க நடக்க 120, 84, 42 என்று எண் குறையும். ஏறத்தாழ பத்து மீட்டர் வந்ததும் அம்பு தடுமாறத் தொடங்கும். ஒரு கணம் இடப்பக்கம் காட்டும், மறுகணம் பின்பக்கம் காட்டும், எண் 6 என்றும் 9 என்றும் மாறி மாறித் துடிக்கும். கருவியின் பிழை எல்லைக்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். இதற்கு மேல் அதனிடம் கேட்கப் பயனில்லை. கருவியை இறக்கிவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இந்தப் பயிற்சியை வெவ்வேறு மரங்களை வைத்து நான்கைந்து முறை செய்தால், எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தானாகவே பிடிபடும். மறைத்து வைத்த பொருளை ஆள்கூறுகளைக் கொண்டு தேடும் ஜியோகேஷிங் என்ற விளையாட்டு, 2000ஆம் ஆண்டு அந்தப் பிழைக் கலப்பு நிறுத்தப்பட்ட ஒரு நாளிலேயே பிறந்தது. புதியவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

அம்பு காட்டுவது நேர்கோடு

மைதானத்தில் இல்லாத ஒரு சிக்கல் மலையில் உண்டு. அம்பு எப்போதும் பறவை பறக்கும் கோட்டையே காட்டுகிறது. இதை நான் படித்திருந்தும், ஒருமுறை நேரில் நின்று பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. மலைமுகட்டில் கூடாரம் அடித்து, அந்த இடத்தைக் குறித்துவிட்டு, தண்ணீர் எடுக்க ஊற்றுக்கு இறங்கியிருந்தேன். திரும்பும் நேரத்தில் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியாத அளவுக்கு அடர்ந்துவிட்டது. கூடாரம் 240 மீட்டர் என்று கருவி சொன்னது. அம்பைப் பார்த்தபடி நடந்தேன். 160 என்று வந்தபோது காலடியில் இருந்த சிறுகல் உருண்டு விழுந்தது, அது கீழே மோதும் ஓசை வெகுநேரம் கழித்துக் கேட்டது. அம்பு அசையாமல் அந்தப் பள்ளத்துக்கு நேராகவே காட்டிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்து, வரைபடப் பக்கத்துக்கு மாறி, வரும்போது பதிவான தடத்தைப் பார்த்தேன். நான் இறங்கி வந்த வழி வில்லைப்போல வளைந்து, பள்ளத்தின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. அந்தத் தடத்தின் வழியே திரும்பினால் 700 மீட்டர். அந்த 700 மீட்டரைத்தான் நடந்தேன்.

எனவே ஒவ்வொரு முறையும், அம்பைத் தொடர்வதற்கு முன் வரைபடப் பக்கத்தைத் திறந்து, நமக்கும் இலக்குக்கும் இடையே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தான சரிவு. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் பாறைச்சுவர். ஓடை குறுக்கிட்டால் அதைக் கடக்கும் இடம் எங்கே என்று தேடுங்கள். பிறகு அம்பு காட்டும் திசையில் தொலைவில் ஒரு தனிமரத்தையோ பாறையையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, கருவியை இறக்கி, அந்த அடையாளத்தை நோக்கி நடங்கள். அங்கே சென்றதும் மறுபடி பாருங்கள். திரையைப் பார்த்தபடியே நடப்பவர் கல்லில் இடறுவார். நிலத்தின் அமைப்பும் அவர் மனத்தில் பதியாது.

தடம் பதிதல்

மேற்சொன்ன நிகழ்ச்சியில் எனக்குக் கைகொடுத்தது தடப்பதிவு. நடக்கும்போது கருவி குறிப்பிட்ட இடைவெளியில் புள்ளிகளைத் தானாகச் சேமித்து, நாம் வந்த வழியை நூல்போல விட்டுக்கொண்டே வரும். புதியவர்கள் கற்க வேண்டிய முதன்மையான வசதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பயணத்தின் தொடக்கத்தில் மூன்று வேலைகளை இதே வரிசையில் செய்யுங்கள்: பழைய தடத்தைச் சேமித்துவிட்டுத் திரையிலிருந்து நீக்குங்கள், இருப்பிடம் கிடைக்கும்வரை காத்திருங்கள், வாகனத்தையோ தொடங்கும் இடத்தையோ வேபாயிண்டாகக் குறியுங்கள். அதன்பின் பதிவு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். இருப்பிடம் கிடைக்கும் முன்பே கிளம்பிவிட்டால் நூலின் தொடக்க முனையே இல்லாமல் போகும். மாலை இருட்டில் தேவைப்படுவது அந்த முனைதான்.

புள்ளிகளின் இடைவெளியைக் கருவியே தீர்மானிக்கும் தானியங்கி அமைப்பில் விட்டுவிடலாம். திரும்பும்போது, வந்த தடத்தையே பின்தொடரும் வசதியை இயக்குங்கள். கார்மின் கருவிகளில் அதற்கு டிராக்பேக் என்று பெயர். ஓய்வெடுக்கும் இடங்களில் தடம் சிறு சிக்கல்போலச் சுருண்டிருப்பதைக் காணலாம். நாம் அசையாவிட்டாலும் இருப்பிடக் கணக்கு சில மீட்டர் அலைவதால் அப்படி ஆகிறது. நடந்த தூரம் சற்று அதிகமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

முன்கூட்டியே திட்டமிட்ட வழி இருந்தால், கணினியில் வரைபடத்தின் மேல் அதை வரைந்து, ஜி.பி.எக்ஸ். கோப்பாகச் சேமித்து, யு.எஸ்.பி. கம்பி வழியே கருவிக்கு மாற்றலாம். மற்றவர்கள் நடந்து பதிந்த தடங்களும் இதே கோப்பு வடிவில்தான் கிடைக்கின்றன. அவற்றை ஏற்குமுன் அந்தத் தடம் காலால் நடந்து பதிந்ததா, மேசையில் வரைந்ததா என்று கேட்டறியுங்கள்.

அலை தடுமாறும் இடங்கள்

பாறைச்சுவர்களுக்கு நடுவிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வரும். தெறித்த அலை கூடுதல் தூரம் பயணித்து வருவதால் கருவி செயற்கைக்கோளைத் தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டு, நம்மைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிடும். அடர்ந்த மரக்கூரையும் அலையை மெலிவிக்கும், குறிப்பாக இலைகள் நனைந்திருக்கும்போது. நீங்கள் நேராக நடந்திருக்க, தடம் திடீரென ஐம்பது மீட்டர் பக்கவாட்டில் தாவியிருந்தால் அந்தப் பகுதியை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் வேபாயிண்ட் குறிப்பதையும் தவிர்த்து, வானம் திறக்கும் வரை நடந்துவிட்டுக் குறியுங்கள். இரு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கருவிகளில் இந்தக் குறை வெகுவாகக் குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை.

பையில் இருக்க வேண்டியவை

ஒரு முழு மாற்றுப் பேட்டரித் தொகுப்பு, நீர் புகாத சிறு பையில். குளிர் மிகுந்த இடங்களில் ஆல்கலைன் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி தாங்கும். உள்ளேயே பேட்டரி பொதிந்த கருவியானால் மின்னேற்றும் பவர்பேங்க். திரை வெளிச்சத்தைக் குறைத்து, சில வினாடிகளில் அணையும்படி வைத்தாலே பேட்டரி நெடுநேரம் நீடிக்கும். கருவியில் ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். பேட்டரி மூடி சரியாகப் பூட்டியிருந்தால் மட்டுமே அது செல்லும்.

காகித வரைபடமும் ஊசிக் காம்பஸும் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை கருவியில் உள்ள ஆள்கூறுகளைப் படித்து, காகிதத்தில் அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். கருவி எந்த நொடியில் நின்றுபோனாலும், கடைசியாக எங்கே இருந்தோம் என்பது ஒரு மணி நேரப் பிழைக்குள் கையில் இருக்கும். ஆபத்தில் மீட்புக் குழுவுக்கு இருப்பிடத்தைச் சொல்ல நேர்ந்தாலும் இந்தப் பழக்கம் உதவும்: எண்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள், எந்த அமைப்பில் படிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், கேட்டவரைத் திரும்பப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

வாகனத்தில் ஏறுவதற்கு முன்பே தடப்பதிவை நிறுத்திச் சேமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாலைப் பயணமும் நடைத்தடத்துடன் ஒட்டிக்கொள்ளும். சேமித்த தடத்துக்கு இடத்தின் பெயரும் தேதியும் கொண்ட பெயரை வையுங்கள். வீட்டில் கணினியின் பெரிய திரையில் அதை வரைபடத்தின் மேல் திறந்து, எங்கே வழி தவறினோம், எந்த ஏற்றத்தில் வேகம் குறைந்தது, வரைபடத்தில் இருந்தும் தரையில் இல்லாத பாதை எது என்று பாருங்கள். அப்படி ஒரு பாதை இருந்தால் வேபாயிண்டின் குறிப்பிலேயே அதை எழுதி வையுங்கள். கருவியைத் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த பயணத்துக்குப் பல வாரங்கள் ஆகும் என்றால் ஏ.ஏ. பேட்டரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். அவை கசிந்து உலோக முனைகள் அரிக்கப்பட்டுவிட்டால் கருவியை மீட்பது கடினம்.